நாடிக்குக் கீழே எவ்வளவு இறுகும்?

கழுத்துச் சுருக்கங்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நாடியின் கீழ் ஏற்படும் தொய்வை அறுவை சிகிச்சையின்றி அல்ட்ராசவுண்ட் அலைகளால் இறுக்குவதைப் பற்றியே கேட்கின்றன. எனவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒன்றுக்கே முழு இடமும் தந்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயது. உடல் எடை அதிகமில்லை. ஆனால் பக்கவாட்டில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்தால், நாடிக்கும் கழுத்துக்கும் நடுவே முன்பு இருந்த வளைவு மழுங்கி, தோல் சற்றுத் தொங்குவது தெரிகிறது. கத்தி படாமல் ஒரே அமர்வில் அல்ட்ராசவுண்ட் மூலம் இறுக்கிவிடலாம், பத்து வயது குறைந்ததுபோல் இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பதில்: பத்து வயது என்னும் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள், தோலின் தளர்வை வயதால் அளக்கும் கருவி எதுவும் இல்லை. மற்றபடி, எடை கட்டுக்குள் இருந்து, தோல் மட்டும் லேசாகவோ நடுத்தரமாகவோ தளர்ந்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை மிகவும் பொருந்தும். பொருந்துகிறவர்களுக்கே எவ்வளவு கிடைக்கிறது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒளியை ஒரு காகிதத்தின் மேல் குவித்தால், நடுவிலிருக்கும் காற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. குவியும் புள்ளி மட்டும் கருகுகிறது. இந்தக் கருவியும் ஒலி அலைகளை அப்படித்தான் குவிக்கிறது. மேல்தோலைச் சுடாமல் கடந்து சென்று, 1.5, 3 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில், ஒரு கன மில்லிமீட்டர் அளவே வரும் புள்ளிகளில் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரத இழைகளின் முறுக்கு அவிழ்ந்து, இழை குட்டையாகவும் தடிப்பாகவும் சுருங்குகிறது. உடல் அதை ஒரு சிறு காயமாக எடுத்துக்கொண்டு, அடுத்த சில மாதங்களில் அங்கே புதிய கொலாஜனை நெய்கிறது. கருவியின் பங்கு அந்தக் காயத்தை உண்டாக்குவதோடு முடிந்துவிடுகிறது; இறுக்கத்தின் பெரும்பகுதி உங்கள் உடல் காயத்தை ஆற்றும் திறமையைப் பொறுத்தது. ஒரே கருவியில், ஒரே மருத்துவரிடம், ஒரே வயதுடைய இருவர் செய்துகொண்டாலும் பலன் வேறுபடுவதற்கு இதுதான் முதன்மையான காரணம்.

அளவுக்கு வருவோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகைக் கருவி ஒன்றுக்கு 2009-இல் புருவத்தை உயர்த்தவும், 2012-இல் நாடியின் கீழ்ப்பகுதியிலும் கழுத்திலும் தளர்ந்த திசுவை உயர்த்தவும் அனுமதி தந்தது. புருவத்தில் செய்த ஆரம்பகால ஆய்வு ஒன்றில் சராசரி உயர்வு 1.7 மில்லிமீட்டர்தான். நாடியின் கீழ்ப்பகுதிக்கு வரும்போது, பக்கவாட்டுப் படங்களை ஒப்பிட்டு, 20 சதுர மில்லிமீட்டரோ அதற்கு மேலோ திசு உயர்ந்திருந்தால் அதை முன்னேற்றம் என்று வைத்துக்கொண்டார்கள். 4 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் காகிதத்துண்டு ஒன்றை வெட்டி உங்கள் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்துப் பாருங்கள்; நகத்தில் பாதியைக்கூட அது மறைக்காது. சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவே உயரும், சிலருக்கு அந்த எல்லையைக்கூடத் தொடாது. ஆனால் பேச்சு மில்லிமீட்டர்களில்தான் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் பெரிதும் குறையும்.

ஆகவே, தலையைச் சற்றுத் திருப்பும்போது தாடையின் விளிம்பு முன்பைவிடக் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். கிள்ளிப் பார்த்தால் தோல் சற்றுக் கெட்டியாக இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் அந்த மழுங்கல் சிறிது குறைந்திருக்கும். அலுவலகத்திலோ உறவினர் வீட்டிலோ யாராவது தானாகக் கவனித்துச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்த அன்றே முகம் இறுகிவிட்டதாக என் தோழி சொன்னாள். இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது என்று இப்போது புலம்புகிறாள். அவள் ஏமாற்றப்பட்டாளா?

பதில்: அன்று அவர் கண்டது பெரும்பாலும் வீக்கம்தான். வெப்பத்தில் இழைகள் உடனே சுருங்குவதும் அதில் ஓரளவு உண்டு; ஆனால் திசுவில் நீர் கோத்து உப்பியிருப்பதே தோலை விறைப்பாகக் காட்டுகிறது. சில நாட்களில் வீக்கம் வற்றியதும் அந்த விறைப்பும் போய்விடும். புதிய கொலாஜன் உருவாகிப் பலன் கண்ணுக்குத் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். ஆறாவது மாதம் வரைகூட அது கூடிக்கொண்டு போகலாம். எனவே இரண்டாவது வாரத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று தோழியிடம் சொல்லுங்கள். இன்னும் மூன்று வாரத்தில் ஒரு விழா இருக்கிறது, அதற்குள் தாடை தெளிவாகிவிட வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கும் வேறு இரண்டு வாசகியருக்கும் இதுவே பதில்: அதற்குள் ஆகாது.

கேள்வி: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணையத்தில் பார்க்கிறேன். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. நீங்கள் மில்லிமீட்டர் கணக்குச் சொல்வீர்கள் என்றால், அந்தப் படங்கள் பொய்யா?

பதில்: எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடலில் நாடியின் கீழ்ப்பகுதி அளவுக்குப் புகைப்படத்தில் எளிதாக மாற்றிக் காட்டக்கூடிய இடம் வேறு இல்லை. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று இதைச் செய்து பாருங்கள். முகவாயை இரண்டு விரல் அளவு கீழே இறக்குங்கள், தொங்கல் வந்துவிடும். இப்போது முகவாயை மெல்ல முன்னுக்கு நீட்டி, நாக்கின் நுனியை மேலண்ணத்தில் அழுத்துங்கள். தொங்கல் காணாமல் போய்விடும். ஒரு காசும் செலவழிக்காமல், ஆறு மாதம் காத்திருக்காமல், நீங்களே முன்னும் பின்னும் தயாரித்துவிட்டீர்கள்.

எனவே இத்தகைய படங்களைப் பார்க்கும்போது நாடியைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள். காதுமடலின் நுனி, மூக்கின் நுனி இவற்றின் உயரம் இரண்டு படங்களிலும் ஒரே கோட்டில் இருக்கிறதா? காதின் சாய்வு மாறியிருந்தால் தலை நிமிர்த்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அடுத்து நிழல். முதல் படத்தில் விளக்கு மேலிருந்து விழுந்தால் தாடையின் கீழ் மடிப்புகள் கருமையாகத் தெரியும். இரண்டாம் படத்தில் முன்னாலிருந்து வெளிச்சம் பரவினால் அதே மடிப்புகள் மறைந்துவிடும். கழுத்துப்பட்டி, தலைமுடி, முகச் சாயம், உடல் எடை இவையும் ஒத்திருக்க வேண்டும். படம் எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாரத்தில் எடுத்த படம் என்றால், மேலே சொன்ன வீக்கத்தைத்தான் அது காட்டுகிறது.

நீங்கள் சிகிச்சை செய்துகொள்வதாக இருந்தால், முதல் நாளே ஒரே சுவர், ஒரே விளக்கு, ஒரே தூரம் என்று குறித்துவைத்து முன்புறம், இரு பக்கங்கள், தலை குனிந்த நிலை ஆகிய நான்கு படங்களை எடுத்து ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு முன் தம் கழுத்து எப்படி இருந்தது என்பது யாருக்கும் சரியாக நினைவிருப்பதில்லை.

கேள்வி: எனக்கு 28 வயது. பள்ளிப் பருவம் முதலே இரட்டை நாடி. உடல் மெலிந்தாலும் அது போகவில்லை. அல்ட்ராசவுண்ட் சிகிச்சை செய்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: அவசரப்படாதீர்கள். நாடியின் கீழ் நிறைந்து தெரிவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. தோல், கொழுப்பு, தசை, எலும்பு. இந்தச் சிகிச்சை நன்றாகக் கையாளக்கூடியது முதலாவதை மட்டுமே. 28 வயதில் தோல் தளர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏராளமாக எடை குறைத்தவர்கள் வேண்டுமானால் விதிவிலக்கு.

கண்ணாடி முன் நின்று, நாடியின் கீழ் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். கையில் மெல்லிய தோல் மட்டும் அகப்பட்டு, விட்டதும் மெதுவாக இறங்கினால் அது தோலின் தளர்வு. தடித்த, மெத்தென்ற மடிப்பு அகப்பட்டு, விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் அது தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பு. இனி, பற்களைக் கடித்து வாயின் இரு ஓரங்களையும் கீழ்நோக்கி இழுங்கள். கழுத்தின் முன்புறத்தில் பிளாட்டிஸ்மா என்னும் தட்டையான தசை விறைக்கும். அப்போது கிள்ளினால் அகப்படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் நிறைவு மட்டும் அப்படியே இருக்கிறது என்றால், கொழுப்பு அந்தத் தசைக்கும் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அது அல்ட்ராசவுண்டுக்கு எட்டாது, கொழுப்பைக் கரைக்கும் ஊசிக்கும் எட்டாது.

எலும்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் சிறுவயது முதலே இரட்டை நாடி என்று சொல்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருந்தாலோ, நாக்கின் அடியில் கழுத்தின் முன்புறம் இருக்கும் ஹயாய்டு எலும்பு இயல்பைவிடத் தாழ்ந்து அமைந்திருந்தாலோ, நாடிக்கும் கழுத்துக்கும் இடையிலான கோணம் விரிந்துதான் இருக்கும். இளமையான கழுத்தின் கோணம் 105 முதல் 120 டிகிரி வரை என்று அழகியல் அறுவை மருத்துவர்கள் குறிப்பிடுவது வழக்கம். எலும்பின் அமைப்பே அந்தக் கோணத்தைத் தராதபோது, மேலே போர்த்தியிருக்கும் தோலை எத்தனை முறை சூடேற்றினாலும் அது வராது.

கொழுப்புதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தால், 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டீஆக்ஸிகோலிக் அமில ஊசி, கொழுப்பை உறைய வைக்கும் முறை, சிறு துளை வழியே கொழுப்பை உறிஞ்சியெடுத்தல் ஆகிய வழிகள் இருக்கின்றன. ஊசிக்கும் பல அமர்வுகள் தேவைப்படலாம். போட்ட சில நாட்கள் வீக்கம் கணிசமாக இருக்கும். எது உங்களுக்கு ஏற்றது என்பதைக் கடிதத்தில் என்னால் சொல்ல முடியாது. நேரில் யாராவது உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தொட்டுப் பார்க்காமலே அமர்வுக்கு நாள் குறிக்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: வலிக்குமா? செய்துகொண்ட ஒருவருக்கு வாய் கோணிவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பயந்துபோயிருக்கிறேன்.

பதில்: வலிக்கும். வலியே இருக்காது என்று சொல்பவரிடம் எந்த அளவு ஆற்றலில் செய்கிறார் என்று கேளுங்கள். ஆற்றலை மிகவும் குறைத்தால் வலி குறையும், கூடவே பலனும் குறையும். ஜெல் தடவிய கழுத்தில் கருவியின் தலைப்பை அழுத்தி வைத்ததும், 25 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டில் ஒவ்வொரு புள்ளியாக வெப்பம் விழும். மென்மையான பகுதியில் அது சுருக்கென்ற சூடாக இருக்கும். தாடையெலும்பை ஒட்டி வரும்போது எலும்புக்குள்ளேயே ஊசி இறங்குவதுபோலவும், சிலருக்குப் பல்லில் மின்சாரம் பாய்வதுபோலவும் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு சில விநாடிகளில் முடிந்துவிடும், ஆனால் அத்தகைய கோடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. முன்னதாக வலிமாத்திரை தருவது வழக்கம்.

பிறகு சில மணிநேரம் சிவந்திருக்கும். லேசான வீக்கமும், தொட்டால் வலியும் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை இருக்கலாம். சிலருக்கு அங்கங்கே தோல் கன்றும், சிலருக்குத் தாடையோரம் மரத்துப்போன உணர்வு இருக்கும். மறுநாளே வேலைக்குப் போகிறவர்கள்தாம் பெரும்பாலோர்.

வாய் கோணியது என்று நீங்கள் கேள்விப்பட்டது கட்டுக்கதையாக இருக்க வேண்டியதில்லை. கீழுதட்டைக் கீழே இழுக்கும் தசைகளுக்குச் செல்லும் நரம்பு தாடையின் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. ஆழத்தில் பாயும் வெப்பம் அதைத் தொட்டுவிட்டால், சிரிக்கும்போது கீழுதட்டின் ஒரு பக்கம் சரியாக இறங்காமல் முகம் கோணலாகத் தெரியும். இது அரிது, பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் அந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த கைதான் உங்கள் தாடையில் கருவியைப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. தலைப்பு தோலோடு சரியாகப் பொருந்தாமலோ ஜெல் போதாமலோ இருந்தால், மேல்தோலில் கோடுகோடாகத் தடிப்போ தீப்புண்ணோ வரவும் கூடும். கன்னத்தில் சதைப்பற்று குறைந்த ஒல்லியான முகத்துக்கு வேண்டாத ஆழத்தில் செய்தால் இருக்கும் கொழுப்பும் கரைந்து, முகம் ஒட்டிப்போய் வயது கூடித் தெரியும். தாடையோடு சேர்த்துக் கன்னத்துக்கும் செய்துவிடலாம் என்று கூறுவதற்கு ஒல்லியானவர்கள் உடனே தலையாட்ட வேண்டாம்.

கேள்வி: மாநிறத்தைவிடக் கறுத்த தோல் எனக்கு. லேசர் செய்து ஒருமுறை கரும்புள்ளிகள் வந்தன. இதிலும் வருமா?

பதில்: லேசரின் ஒளியைத் தோலின் நிறமி உறிஞ்சிக்கொள்கிறது; ஒலி அலைகளுக்கு நிறமி ஒரு பொருட்டே இல்லை. ஆகவே அந்த வகையில் கறுத்த தோலுக்கு இது லேசரைவிடப் பாதுகாப்பானது. மேலே சொன்னதுபோல் தவறான கையாளலால் மேல்தோல் சுட்டுவிட்டால் மட்டும் கருமை படரலாம். பழைய அனுபவத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 63 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. கேட்டால், இன்னும் இரண்டு அமர்வுகள் செய்தால் தெரியும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பழைய படங்களையும் இன்றைய படங்களையும் மேலே சொன்ன முறையில் ஒப்பிடுங்கள். சிறிதேனும் மாற்றம் இருக்கிறது, போதவில்லை என்றால், இரண்டாவது அமர்வைப் பற்றி யோசிக்கலாம். ஐந்தாவது மாதத்திலும் படத்தில்கூட ஒன்றும் தெரியவில்லை என்றால், அதே சிகிச்சையை இன்னும் இருமுறை செய்துகொள்ள நான் சொல்ல மாட்டேன்.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. தோல் மிகவும் தொங்கிப்போனவர்களுக்கும், உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கும், வெயிலால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தோலுடையவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும் பலன் குறைவு. புதிய கொலாஜனை நெய்ய வேண்டிய செல்களின் வேகமும் வயதோடு குறைகிறது. உங்கள் கழுத்தில் முன்புறம் இரண்டு கயிறுகள்போல் நிற்பவை பிளாட்டிஸ்மா தசையின் ஓரங்கள் என்றால், அவற்றைப் போடாக்ஸ் ஊசி ஓரளவு தளர்த்தும். அல்ட்ராசவுண்டால் அவை மறையாது. நாடியின் நடுவில் இல்லாமல் இரு பக்கங்களில் உருண்டையாகப் புடைத்துத் தெரிந்தால், அவை கீழிறங்கிய உமிழ்நீர்ச் சுரப்பிகளாக இருக்கலாம். தோல் இறுகுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

தோல் கையில் பிடிக்கும் அளவுக்கு மடிந்து தொங்குகிறது என்றால், அதிகப்படியான தோலை வெட்டி நீக்கித் தசையைச் சேர்த்துத் தைக்கும் கழுத்து அறுவை சிகிச்சை ஒன்றே அதைச் சரிசெய்யும். அறுவைக்கு மயக்க மருந்து, தழும்பு, சில வார ஓய்வு எல்லாம் உண்டு. அது வேண்டாம் என்று முடிவெடுப்பதும் முற்றிலும் நியாயமானதே. ஆனால் அறுவைக்குப் பயந்து அல்ட்ராசவுண்டை நான்கு முறை செய்துகொள்வதால், நான்கு அல்ட்ராசவுண்டுகள் சேர்ந்து ஓர் அறுவையாகிவிடாது.

கேள்வி: ஹைஃபு என்றும் அல்தெரபி என்றும் இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? வீட்டிலேயே பயன்படுத்தும் கருவிகளும் விற்கிறார்களே?

பதில்: ஹைஃபு என்பது செறிவாகக் குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்டுக்கான பொதுப்பெயர், பல நிறுவனங்களின் கருவிகள் அதன்கீழ் வருகின்றன. அல்தெரபி அவ்வகையில் ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். நான் மேலே குறிப்பிட்ட அமெரிக்க அனுமதிகள் அதற்குக் கிடைத்தவை. அந்தக் கருவியில் ஆற்றலைச் செலுத்தும் முன் உள்ளிருக்கும் அடுக்குகளை ஸ்கேன் திரையில் பார்க்க முடியும். ஜெல் சரியாகப் படிந்திருக்கிறதா, குறிவைக்கும் ஆழத்தில் இருப்பது தசைநார் அடுக்கா, எலும்பா, இரத்தக்குழாயா என்று பார்த்துச் செய்யலாம். திரையில்லாத கருவிகளில் ஆழத்தை அனுமானத்தில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. திரை இருந்தாலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் இருந்தால்தான் பயன். வீட்டுக் கருவிகளை இந்தச் சிகிச்சைக்கு மாற்றாகக் கருத வேண்டாம், 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் 65 டிகிரி வெப்பத்தை உண்மையிலேயே உண்டாக்கும் கருவி என்றால் அது குளியலறை அலமாரியில் இருக்கக் கூடாது, உண்டாக்காத கருவி என்றால் வாங்கிப் பயனில்லை.

கேள்வி: தைராய்டில் சிறு கட்டி இருக்கிறது. செய்துகொள்ளலாமா?

பதில்: தைராய்டு சுரப்பி, மூச்சுக்குழல், பெரிய இரத்தக்குழாய்கள் இவற்றின் மேல் இந்த அலைகளைச் செலுத்தக் கூடாது என்பது பொதுவான விதி, நாடியின் கீழ்ப்பகுதி அவற்றுக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் கட்டி எத்தகையது என்று சிகிச்சை தரும் உங்கள் மருத்துவர் சொன்ன பிறகே இதைப் பற்றி யோசியுங்கள். கர்ப்பிணிகளும், அந்தப் பகுதியில் திறந்த புண்ணோ சீழ்க்கட்டி முகப்பருவோ உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், அந்த இடத்தில் உலோகத் தகடோ, தோலடியை நிரப்ப ஊசியாகப் போடும் ஃபில்லரோ வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஒருமுறை செய்தால் எத்தனை காலம் நிற்கும்?

பதில்: ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிகிச்சை வயதாவதை நிறுத்துவதில்லை. அது சேர்த்துத் தந்த கொலாஜனும் மற்றவற்றைப்போலவே மெல்லக் குறைந்துகொண்டு வரும். அதற்காக, பலன் தீர்ந்ததும் முன்பைவிட மோசமாகத் தொங்கும் என்று பலர் அஞ்சுவதுபோல் ஆவதில்லை. செய்யாமல் விட்டிருந்தால் அந்த வயதில் எப்படி இருந்திருப்பீர்களோ, ஏறத்தாழ அந்த நிலைக்கு வருவீர்கள். எனவே முதல் அமர்வின் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஆண்டுக்கொருமுறையோ ஒன்றரை ஆண்டுக்கொருமுறையோ அதையே திரும்பச் செலுத்த மனமிருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். மூன்று அமர்வுகளுக்கும் சேர்த்து இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னால், முதல் அமர்வு முடிந்து ஆறு மாதம் கழித்து வந்து கட்டுவதாகச் சொல்லிவிடுங்கள்.